சுயசான்று பிளான் அப்ரூவல்: வேகமாகத்தான் வருகிறது, ஆனால்...

ஒரு கிரவுண்டு மனையில் சொந்த வீடு கட்டப் போகிறவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் சுயசான்றுத் திட்டம் நல்ல வழி என்றுதான் சொல்வேன். 2024 ஜூலையில் ஆரம்பித்தபோது சொன்ன வரம்பு: மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி. ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, பிளான் எல்லாம் ஏற்றிப் பணம் கட்டினால் அனுமதி கையோடு வந்துவிடும். பரிசீலனைக் கட்டணம் கிடையாது, கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றுக்கும் அலைய வேண்டாம். மற்றபடி கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், சென்னையில் கையைக் கடிக்கும்.

ஆனால் இவ்வளவு வேகம் எப்படி வருகிறது என்றால், பிளானை முன்கூட்டி யாரும் அளந்து பார்ப்பதில்லை. விதிப்படி இருக்கிறது என்று சொல்வது நீங்களும் உங்கள் இன்ஜினியரும்தான், பிறகு தப்பு தெரிந்தால் அனுமதி போகும்.

அதனால் செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தின் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2019 கட்டட விதிகளில் முன்பக்க இடைவெளி ரோட்டின் அகலத்தை வைத்துத்தான்: 9 மீட்டர் வரை 1.5 மீட்டர், அதற்கு மேல் 18 வரை 3 மீட்டர். நாற்பதடி ரோட்டில் சைட் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள், 40-க்கு 60 மனையில் முன்னால் பத்தடி போய்விடும் என்பதை யோசிப்பதே இல்லை. எஃப்எஸ்ஐ 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்று இருக்கிறதே, 4,800 சதுர அடி கட்டலாமே என்றால், கட்டலாம், ஆனால் இந்த வழியில் முடியாது, வழக்கமான விண்ணப்பம்தான்.

எனக்குப் பிளான் போட்டுக் கொடுத்த அலுவலகத்துக்கு நான் நல்ல மார்க் தர மாட்டேன். வரைபடம் அழகாக இருந்தது, அளவெல்லாம் பத்திரத்தைப் பார்த்துப் போட்டது. சைட்டில் டேப் பிடித்தால் பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவர் உள்ளே வந்திருக்கிறது, பக்கவாட்டு இடைவெளி முக்கால் அடி குறைகிறது. கேட்டால், "யார் சார் வந்து அளக்கப் போறாங்க?" மேஸ்திரி அதற்கும் மேலே, சன்ஷேடுக்குக் கீழே ஒரு பாத்ரூம் இழுத்துவிடலாம் என்றார்! மாடிப்படியைத் தள்ளி வைத்துத் திரும்ப வரையச் சொன்னேன், அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள்.

பிளான் போட ஆள் பிடிக்கும்போது, சைட்டுக்கு வந்து அளப்பீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வர மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.