கம்மனஹள்ளியில் ஒரு பின்னல் கடை: சுருள்முடிக் குழந்தையை வளர்ப்பவர்களுக்காக

பெங்களூருவின் கம்மனஹள்ளி பிரதான சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே முதல் மாடியில், கென்யாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி நடத்தும் முடி பின்னும் கடையைப் பற்றிய மதிப்புரை இது. கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நான் அங்கே அழைத்துச் செல்லும் சிறுமி எங்கள் வீட்டில் வளர்ப்புப் பராமரிப்பில் (foster care), அதாவது பெற்றோரிடம் இருக்க முடியாத குழந்தையைத் தற்காலிகமாக வேறொரு குடும்பம் வளர்க்கும் ஏற்பாட்டில், இருப்பவள். அத்தகைய குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தப் பகுதியில் விசாரித்தால் கடையைக் கண்டுபிடிப்பது கடினமன்று.

அவள் ‘சித்தி’ (Siddi) என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். உத்தர கன்னட மாவட்டத்தில் யெல்லாபுரா, ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களின் காட்டோரக் கிராமங்களில் வாழும் சித்தி மக்கள், போர்த்துக்கீசியரும் அரபு வணிகரும் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். கோவாவிலிருந்து தப்பி வந்து காடு புகுந்தவர்கள் பலர். 2003இல் கர்நாடகத்தின் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். நாங்களோ அல்சூரில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பம். எங்கள் வீட்டில் எவருக்கும் அவளுடைய முடியைப் போன்ற முடி இல்லை. அதைப் பராமரிக்கும் அறிவும் வழிவழியாக எங்களுக்கு வரவில்லை.

வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்தெடுப்பு அன்று. அவளுடைய தாய் ஊரில் இருக்கிறார். குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு வந்து பார்த்துச் செல்கிறார். அதனால் அவள் என்னை அத்தை என்றுதான் அழைக்கிறாள். மாதாந்திர ஆய்வுக்கு வருபவர்கள் படிப்பையும் உணவையும் உடல்நலத்தையும் பற்றி அக்கறையோடு விசாரிக்கிறார்கள், ஆனால் எங்கள் இனத்திலிருந்து வேறுபட்ட ஒரு குழந்தைக்கு முடியும் தோலும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதுவரை எவரும் எங்களிடம் பேசியதில்லை. அவளுடைய பள்ளியில் இரட்டைச் சடையும் ரிப்பனும் கட்டாயம். அழகு நிலையம் ஒன்றில், பத்து வயதைச் சற்றே தாண்டிய அவளுக்கு, ரசாயனம் போட்டு முடியை நேராக்கிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவளுடைய தலையில் தீர்க்கப்பட வேண்டிய தொல்லை எதுவும் இல்லை என்பதை ஒரு குழந்தைக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிதன்று. வேறு வகை முடி கொண்ட நான் சொன்னால் அது அவளுக்கு வெறும் ஆறுதல் வார்த்தையாகவே போய்ச் சேரும்.

இந்தக் கடையில் அதை யாரும் சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை. உரிமையாளர் முதலில் தெளிப்பானால் தண்ணீர் அடித்து முடியை நன்றாக நனைத்தார். பிறகு கண்டிஷனரை உள்ளங்கையில் குழைத்துப் பகுதி பகுதியாகத் தடவினார். அகலப் பல் சீப்பை நுனியில் வைத்து, அங்கிருக்கும் சிக்கை எடுத்துவிட்டு, ஓர் அங்குலம் மேலே போய், அதற்கு மேலே போய், இப்படியே வேர் வரை ஏறினார். ஒரு தடவைகூட மேலிருந்து கீழே வாரி இழுக்கவில்லை. சுருண்டு நிற்கும்போது காதளவே தெரியும் முடி, நனைந்து நீண்டபோது தோளுக்குக் கீழே வந்ததை அவள் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு வால் சீப்பின் முனையால் உச்சந்தலையில் கோடு கிழித்ததுபோல் வகிடு எடுத்து, தலையோடு ஒட்டிய மெல்லிய பின்னல்களாகப் பின்னி, கழுத்துக்குப் பின்னால் இரண்டு சடைகளாக முடித்தார். ரிப்பன் கட்ட இடம் இருந்தது; பள்ளியிலும் ஆட்சேபம் எழவில்லை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே செய்தது எனக்கு மிகவும் பயனாக இருந்தது. நெருக்கமாகச் சுருண்ட முடியில் தலையில் சுரக்கும் எண்ணெய் நுனி வரை இறங்குவதில்லை. ஆகவே அது எளிதில் வறண்டு உடைகிறது. என் மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பற்றி நான் கேட்டபோது, உரிமையாளர் அதை அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. எண்ணெய் நல்லதுதான், ஆனால் உலர்ந்த முடியில் வைப்பதைவிட ஈரம் இருக்கும்போதே வைத்தால்தான் அந்த ஈரம் உள்ளே தங்கும் என்றார். சீயக்காயை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொன்னார். மாமியார் அதை ஏற்றுக்கொண்டு இப்போது அப்படியே செய்துவருகிறார். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், வழவழப்பான சாட்டின் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். அதைக் கட்டும் முறையை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவர், பக்கத்து நாற்காலியில் தன் முறைக்காகக் காத்திருந்த தான்சானிய மாணவி.

இந்தக் கடையை நான் உயர்வாக மதிப்பதற்கு முதன்மையான காரணம் அந்த நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள்தாம். ஹென்னூர், கொத்தனூர் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவிகள் அங்கே மணிக்கணக்கில் அமர்ந்து தங்கள் முடியைப் பற்றியே சலிக்காமல் பேசுகிறார்கள். எது நன்றாக வந்தது, எந்தப் பின்னல் எத்தனை நாள் தாங்கியது, அடுத்து என்ன செய்யலாம் என்றெல்லாம் விவாதிக்கிறார்கள். ஆட்டோவில் ஏறினால் எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்கப்படும் குழந்தை இவள். கன்னடத்தில் பதில் சொன்ன பிறகும் நம்பாமல் திரும்பிப் பார்ப்பார்கள். கடையில் அவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே மாறுபட்டுத் தெரிபவள் நான் ஒருத்திதான். ஒரு வளர்ப்புக் குடும்பம் எவ்வளவு அன்பு காட்டினாலும் தன்னால் தர முடியாத ஒன்று உண்டு, அது குழந்தை தன்னைப் போன்ற முகங்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் பொழுது. அதை வெளியே தேடிப் போய்ப் பெற்றுத் தருவதும் வளர்ப்பின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

அவளுடைய தாய் வந்திருந்தபோது வகிடுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார். பிறகு, ஊரில் இருக்கும் இளையவளுக்கும் அதே போன்ற அகலப் பல் சீப்பு ஒன்று வாங்கித் தர முடியுமா என்றார். நான் எழுதும் எந்தப் பாராட்டையும்விட அந்தக் கேள்விக்கு எடை அதிகம்.

குறைகளும் உண்டு. நேரம் குறித்துக்கொண்டு போனாலும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. படிக்கட்டு குறுகலானது; முதியவர்களை அழைத்துச் செல்வது சிரமம். உதவிக்கு இருக்கும் இளம்பெண் ஒருமுறை நெற்றியோரத்தில் மிக இறுக்கமாகப் பின்னிவிட்டார். அந்த இடத்தில் தொடர்ந்து இழுபட்டால் வேர்கள் நிலையாகவே பாதிக்கப்படக்கூடும் என்பதால் இது சாதாரண விஷயமன்று. உரிமையாளர் பார்த்தவுடன் பிரித்து, கூடுதல் கட்டணம் கேட்காமல் தாமே மீண்டும் பின்னினார். ஆனாலும் குழந்தைக்கு வலிக்கிறதா என்று நீங்களும் இடையிடையே கேட்டுக்கொண்டிருங்கள்.

செயற்கை முடி சேர்க்காத குழந்தைப் பின்னலுக்கு 1,200 ரூபாய் ஆகிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வளர்ப்புப் பராமரிப்புக்குக் கிடைக்கும் தொகை மாதம் 4,000 ரூபாய் என்பதை வைத்துப் பார்த்தால் இது சிறிய செலவன்று. ஆனால் தேவையற்ற செலவும் அன்று. பிற இனக் குழந்தைகளைத் தமிழ் வீடுகளில் ஒப்படைக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், மருத்துவமனை முகவரியோடு இப்படிப்பட்ட கடைகளின் முகவரியையும் சேர்த்துக் கொடுத்தால் பல குழந்தைகளுக்கு உதவியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம். வார நாள் காலையில் போவது நல்லது. மூன்று மணி நேரம் பிடிக்கும் என்பதால் குழந்தைக்குச் சாப்பாடு எடுத்துச் செல்லுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் அதே பின்னலை வைத்திருக்கக் கூடாது என்றும், பிரித்த பிறகு சில நாள் தலைக்கு ஓய்வு கொடுத்த பின்னரே அடுத்த பின்னலுக்கு வர வேண்டும் என்றும் உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்கிறார்.