வெளியிலிருந்து வந்தவற்றில் நீல மட்டிக்கு எது பெரிய ஆபத்து: பசிபிக் சிப்பியா, செருப்பு நத்தையா?

ஐரோப்பாவின் வாடன் கடலில் நீல மட்டிக்குப் பெரிய தொல்லை தட்டைப்புழு என்ற ஒட்டுண்ணி. கரை நத்தையிலிருந்து வெளியேறி, வாலை ஆட்டி நீந்தும் இளம்புழுக்கள் மட்டியின் சதைக்குள் புகுந்து, பறவை அதைத் தின்னும்வரை காத்திருக்கும்.

அங்கே குடியேறிய பசிபிக் சிப்பி, தண்ணீரை வடிகட்டும்போது அந்த இளம்புழுக்களையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. மட்டிக்குத் தொற்று குறைகிறது. சரி, நல்லதுதானே? அவசரப்படாதீர்கள். சிப்பியோடு மைட்டிலிகோலா ஓரியன்டாலிஸ் என்ற ஒட்டுண்ணியும் வந்து சேர்ந்தது. சிவந்த புழு போலிருக்கும் அது இப்போது மட்டியின் குடலிலும் வாழ்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிப்பிகளோடு ஐரோப்பாவுக்கு வந்த செருப்பு நத்தையும் சோதனைகளில் தட்டைப்புழுத் தொற்றைக் குறைத்தது. ஆனால் மட்டியின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுமை தாங்காமல் பல மட்டிகள் சாகின்றன. இருந்தாலும் பெரிய ஆபத்து சிப்பியால்தான் என்பது என் கவலை. நத்தையின் சுமை அந்த மட்டியோடு போகும். சிப்பி கொண்டுவந்த குடல் ஒட்டுண்ணியோ இரட்டை ஓடுள்ள மற்ற உள்ளூர் உயிரினங்களுக்கும் தாவிவிட்டது.