அயர்ன் மாத்திரை: எல்லா ரகமும் போட்டுப் பாத்தாச்சு, கடுப்பு மட்டும் தீரல

அயர்ன் மாத்திரைல எது நல்லதுன்னு யார் கேட்டாலும் பேச்சு நேரா மலச்சிக்கல்லதான் போய் நிக்கும். அது நெஜம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ரகம் ரகமா மாத்தி மாத்தி போட்டவ சொல்றேன், வயித்த கூட ஒரு மாதிரி சமாளிச்சுடலாம், இந்த மாத்திரைக்கு நாள்ல ஒரு நேரம் கண்டுபிடிக்கறது இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் எரிச்சல். வெறும் வயித்துல போடணும், காபி டீ பக்கத்துல வரக்கூடாது, பால் கூடாது, கால்சியம் கூடாது, அசிடிட்டி மருந்து கூடாது, தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்கன்னா அதுக்கும் இதுக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடணும். கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கறது கூட இதவிட சுலபம்.

எனக்கு தைராய்டும் இருக்கு. காலைல எழுந்ததும் அந்த மாத்திரை, அதுலேர்ந்து 4 மணி நேரம் எண்ணி முடிக்கறதுக்குள்ள டிபனும் காபியும் உள்ள போயிருக்கும், அப்பறம் மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி காபி, ராத்திரி கால்சியம். 24 மணி நேரத்துல ஒரே ஒரு மாத்திரைக்கு இடமில்ல. காபிய விட்டுடுன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு அடுத்த பாராவுக்கு போயிடுங்க. (ஆனா விஷயம் உண்மை, மாத்திரையோட கருப்பு காபி குடிச்சாலே இரும்பு ஏறறது கிட்டத்தட்ட பாதியா குறையுதுன்னு அளந்தே பாத்திருக்காங்க.)

சரி, ரகத்துக்கு வரேன். ஃபெரஸ் சல்ஃபேட்தான் பழைய ஆளு, நெறைய டாக்டருங்க முதல்ல எழுதறதும் இதான். 325 மில்லிகிராம் மாத்திரைன்னு இருக்கும், அதுல நெஜமான இரும்பு 65 மில்லிகிராம்தான், மீதி உப்போட எடை. வெறும் வயித்துல போட்டா கொஞ்ச நேரத்துலயே பிரட்டும், வாயெல்லாம் ஒரு உலோக ருசி, அதுக்கு பயந்து சாப்பாட்டோட போட்டா பிரட்டல் குறையும் ஆனா இரும்பு ஏறறதும் சேந்தே குறையும். ஃபியூமரேட்டும் இதே கதைதான், ஆனா அதுல மூணுல ஒரு பங்கு இரும்பு, அதனால சின்ன மாத்திரைலயே நெறைய அடைச்சிருப்பாங்க. குளுக்கோனேட் வயித்துக்கு சாதுன்னு சொல்வாங்க. சாதுவா இல்லாம எப்படி இருக்கும், 100-க்கு 12 தான் இரும்பே. ஒரு ரகத்த இன்னொண்ணோட ஒப்பிடணும்னா முன்பக்கத்துல கொட்ட எழுத்துல இருக்கற மில்லிகிராம விட்டுட்டு பின்னாடி பொடி எழுத்துல எலிமெண்டல் அயர்ன், அதாவது நெஜமான இரும்பு, எவ்ளோன்னு பாருங்க, அத எழுதாத கம்பெனி மாத்திரைய நான் தொடறதில்ல.

மெதுவா கரையற ரகம்னு ஒண்ணு வருது, வயித்த தொந்தரவு பண்ணாதுன்னு பெருமையா போட்டிருப்பாங்க. நெஜமாவே பண்ணல. பிரச்சன என்னன்னா இரும்பு அதிகமா உறிஞ்சப்படறது சிறுகுடலோட ஆரம்பத்துல, இந்த மாத்திரை கரைய ஆரம்பிக்கறதுக்குள்ள அந்த இடத்த பாதி தாண்டிடுது. உள்ள ஏறாத மருந்துக்கு வயிறு ஏன் சண்ட போடப்போகுது?

சிரப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பல்லு கறையாகும், ஸ்ட்ரா வச்சு குடிக்கணும், குடிச்சதும் வாய் கொப்பளிக்கணும். மாத்திரை முழுங்க முடியாதவங்களுக்கு சரி.

இப்ப நான் காதலிச்சு ஏமாந்த ஆளுக்கு வரேன், பாலிமால்டோஸ். என் நேரப் பிரச்சனைய ஒரே அடியில தீத்து வச்ச ரகம் இது ஒண்ணுதான், ஏன்னா இத சாப்பாட்டோடயே போடலாம், அப்படித்தான் போடவே சொல்றாங்க. பிரட்டல் இல்ல, உலோக ருசி இல்ல, மலச்சிக்கலும் பேருக்குத்தான். கோயில் கட்டாத குறையா எல்லார்கிட்டயும் புகழ்ந்துட்டு இருந்தேன், அடுத்த டெஸ்ட்டுல ஹீமோகுளோபின் இருந்த எடத்துலயே உக்காந்திருக்கு. இதுல இருக்கறது ஃபெரிக் வடிவ இரும்பு, உடம்பு அத ஃபெரஸா, அதாவது சல்ஃபேட்ல இருக்கற வடிவமா, மாத்தித்தான் எடுத்துக்கணும், அதனால ஏறறது மந்தம். சில பேருக்கு நல்லாவே வேலை செய்யுது, அத மறைக்கல, என் தங்கச்சிக்கே ஏறுச்சு. எனக்கு ஏறல. அவ்ளோ வசதியா இருந்துட்டு வேலை மட்டும் செய்யலன்னா கோவம் ரெண்டு மடங்கா வருது.

அதுக்கப்பறம் வந்தது பிஸ்கிளைசினேட். இரும்ப கிளைசின்ங்கற அமினோ அமிலத்தோட பிணைச்சு வச்சிருக்காங்க, அதனால சாப்பாட்டுல இருக்கற ஃபைட்டேட் மாதிரி சமாச்சாரம்லாம் அத ரொம்ப பிடிச்சு வைக்கறதில்ல. கர்ப்பிணிங்கள வச்சு பாத்த ஆய்வுகள்ல வயித்துத் தொல்லை கம்மின்னு வந்திருக்கு, எனக்கும் அப்படித்தான், வயிறு சத்தமே போடல, நேரம் கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் ரிப்போர்ட்டுல எண்ணு மேலதான் போச்சு. குறைன்னு சொல்லணும்னா ஒரு மாத்திரைல இரும்பு அளவு பொதுவா கம்மியா வைக்கறாங்க, ஹீமோகுளோபின் ரொம்ப கீழ இருக்கறவங்களுக்கு அது போதுமான்னு டாக்டர்தான் சொல்லணும். விட்டமின் சி சேத்து விக்கற ரகத்துக்கு மட்டும் தனியா மயங்காதீங்க, 2020-ல சீனாவுல சல்ஃபேட் மாதிரி அயர்ன் மாத்திரைய விட்டமின் சி கூட ஒரு குரூப்புக்கும், இல்லாம இன்னொரு குரூப்புக்கும் குடுத்து பாத்தாங்க, ஹீமோகுளோபின் ஏறினதுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல.

எதிர்பாக்காம கெடச்ச சந்தோஷம்னா அது எந்த ரகத்துலயும் இல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள் போடறதுல இருக்கு. ஒரு டோஸ் இரும்பு உள்ள போனதும் கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன ஏத்தி விடுது, அது ஏறி இருக்கற சுமார் ஒரு நாளைக்கு குடல் இரும்ப உள்ள விட கஞ்சத்தனம் பண்ணும். 2017-ல வந்த ஒரு ஆய்வுல இரும்பு கம்மியான பொண்ணுங்களுக்கு அதே எண்ணிக்கை மாத்திரைய ஒரு குரூப்புக்கு தினமும் இன்னொரு குரூப்புக்கு ஒருநாள் விட்டும் குடுத்தப்ப, குடுத்த இரும்புல தினம் போட்டவங்களுக்கு 16 சதவீதமும் விட்டு விட்டு போட்டவங்களுக்கு கிட்டத்தட்ட 22 சதவீதமும் உடம்புல ஏறியிருக்கு. எங்க டாக்டரம்மா இத சொன்னதும் எனக்கு சதவீதம்லாம் மண்டைல ஏறவே இல்ல, காலண்டர்தான் தெரிஞ்சுது. ஒரு ராத்திரி அயர்ன், மறுராத்திரி கால்சியம்! ரெண்டும் சந்திக்கவே வேணாம்! அவங்களும் எனக்கு கால்சியம் அப்படி போட்டா போதும்னுட்டாங்க. காலைலதான் இரும்பு நல்லா ஏறும்னும் சொன்னாங்க, சரிம்மா, என் காலை ஏற்கனவே தைராய்டுக்கு எழுதி வச்சாச்சு.

ராத்திரி போடறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, போட்டுட்டு அப்படியே சாயக்கூடாது, மாத்திரை உணவுக்குழாய்ல ஒட்டினா புண்ணாக்கிடும், ஒரு டம்ளர் தண்ணி முழுசா குடிச்சுட்டு அர மணி நேரமாவது உக்காந்திருக்கணும். மலம் கறுப்பா போறத பாத்து பயப்பட வேணாம், அது மிச்ச இரும்புதான், ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு நாத்தத்தோட போச்சுன்னா அது வேற விஷயம், உடனே காட்டுங்க. ஆம்பளைங்க, மாதவிடாய் நின்னவங்க, நீங்க ரகம் தேடறதுக்கு முன்னாடி உடம்புக்குள்ள ரத்தம் எங்கயாவது கசிஞ்சு போகுதான்னு தேடுங்க. அப்பறம் சின்னப் பசங்க இருக்கற வீட்டுல இத பூட்டி வைங்க, சத்து மாத்திரைதானேன்னு அலட்சியமா இருக்காதீங்க, குழந்தைங்க மிட்டாய்னு அள்ளி முழுங்கினா உயிருக்கே ஆபத்து.

இவ்ளோ எழுதினதுக்கு அப்பறம் நான் பிஸ்கிளைசினேட்தான் போடறேன்னு நெனப்பீங்க. மார்க் போட்டா அதுதான் ஜெயிக்கும், யாராவது கேட்டாலும் அததான் டாக்டர்கிட்ட கேட்டுப் பாருன்னு சொல்றேன். ஆனா நான் போடறது சல்ஃபேட். ஒருநாள் விட்டுன்னு ஆனதுக்கு அப்பறம் அதோட அட்டகாசம் பாதியா குறைஞ்சுடுச்சு, தூக்கத்துல பிரட்டினா எனக்கென்ன தெரியப்போகுது, ரிப்போர்ட்டும் முன்னவிட வேகமா ஏறுது. அதோட, தொந்தரவு பண்ணினா வேலையும் செய்யற ஒரு மருந்து மேல எனக்கு இப்ப ஒரு மரியாத வந்துடுச்சு, பாலிமால்டோஸ் பண்ணின புண்ணியம். நியாயமான காரணமான்னு கேட்டா, இல்ல.

ஹீமோகுளோபின் நார்மலுக்கு வந்துடுச்சு, ஆனா நிறுத்த முடியாதாம், உடம்போட இரும்புச் சேமிப்பு ரொம்பறதுக்கு இன்னும் ஒரு 3 மாசம் போல தொடரணும்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் இந்த மூதேவியோடதான் குடித்தனம்.