பிஜான் ராபின்சனா, ஜமீர் கிப்ஸா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். 2023 டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வான ரன்னிங் பேக்குகள் (பந்தை ஏந்தி ஓடுபவர்கள்) இருவர் மட்டுமே. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ராபின்சனை 8ஆவதாக அட்லாண்டா ஃபால்கன்ஸும், அலபாமா பல்கலைக்கழகத்தின் கிப்ஸை 12ஆவதாக டெட்ராய்ட் லயன்ஸும் எடுத்தன.

வேகத்தில் கிப்ஸ்தான். 40 கஜத்தை 4.36 விநாடியில் ஓடினார், ராபின்சனுக்கு 4.46. ஆனால் ராபின்சன் 215 பவுண்டு, கிப்ஸ் 199. இந்த வித்தியாசம் பிளிட்ஸ் வரும்போது, அதாவது பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நோக்கி எதிரணித் தடுப்பாளர்கள் கூடுதலாகப் பாயும்போது தெரியும். பாய்ந்து வரும் லைன்பேக்கரை (எதிரணித் தடுப்பாளர்) மறித்து குவாட்டர்பேக்கைக் காப்பதில் கிப்ஸின் உடல்வாகு அவருக்குப் பாதகமே.

என்னை மயக்குவது ராபின்சனின் திசைமாற்றம். முதலில் தொட்டவர் அவரைச் சாய்ப்பது அபூர்வம். 2022 கல்லூரிப் பருவத்தில் 1,580 கஜம் ஓடி, சிறந்த கல்லூரி ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருதை வென்றார். குறையும் உண்டு: பெரிய இடைவெளிக்காகக் காத்திருந்து, கையில் இருக்கும் இரண்டு கஜத்தைச் சில நேரம் இழந்துவிடுகிறார்.

பந்தைப் பிடிப்பதில் இருவரும் தேர்ந்தவர்கள். அதே 2022இல் கிப்ஸ் பிடித்த பாஸ்கள் 44.

ஆட்டம் முழுவதையும் ஒருவர் தோளில் ஏற்றுவதானால் தயங்காமல் ராபின்சனையே எடுப்பேன். கிப்ஸுக்கோ டெட்ராய்ட் சரியான இடம். இடிபட்டு ஓட 2023இல் அங்கே இன்னொரு ரன்னிங் பேக்கான டேவிட் மாண்ட்கோமரி இருந்தார்.