ஸ்கெல்: மாணவர் தாமே தேடிக் கற்க உதவும் தளம்

ஆங்கில வகுப்பில் மாணவர்கள் ஆசிரியரின் சிவப்பு மைக்குக் காத்திராமல் தங்கள் ஐயத்தைத் தாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புவோர்க்கு, லெக்சிகல் கம்ப்யூட்டிங் நிறுவனம் இலவசமாக வழங்கும் ஸ்கெல் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பதிவு செய்யத் தேவையில்லை. ஒரு சொல்லைத் தட்டினால், அது இடம்பெறும் வாக்கியங்கள் 40 வரை திரையில் வரிசையாக வந்துவிடுகின்றன.

இதன் உண்மையான பயன், ஒரு சொல்லுடன் வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்களைப் பட்டியலிடும் ‘வேர்ட் ஸ்கெட்ச்’ பகுதியில்தான் இருக்கிறது. கட்டுரையில் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதிய மாணவி, ‘ரெயின்’ என்ற சொல்லைத் தேடி, அதனுடன் சேர்ந்து வரும் பெயரடைகளில் ‘ஹெவி’ முன்னணியில் நிற்பதைக் கண்டால், யாரும் சொல்லாமலேயே திருத்திக்கொள்வாள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டிம் ஜான்ஸ் வலியுறுத்திய, மாணவரையே மொழியாய்வாளராக்கும் முறை இதுதான்.

குறைகளும் உண்டு. வாக்கியங்களைக் கணினியே தேர்ந்தெடுப்பதால் சில பொருத்தமற்று நிற்கின்றன. ஒரு சொல் பேச்சுக்கு உரியதா, ஆய்வுக் கட்டுரைக்கு உரியதா என்பதும் விளங்குவதில்லை. அதற்கு 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்களை வகைவாரியாகக் காட்டும் கோக்கா என்னும் அமெரிக்க ஆங்கில உரைத் தொகுப்பே ஏற்றது. ஆனால் அதன் நெரிசலான திரையில் பள்ளி மாணவர்கள் திணறிப்போவார்கள் என்பதால், அதைக் கல்லூரி வகுப்புக்கு ஒதுக்கிவைப்பதே நல்லது.