பினாங்கு மழையில் ஒரு டர்ட் ஜம்ப் சைக்கிள்

சில வருஷமாக ஒரே டர்ட் ஜம்ப் சைக்கிளைத்தான், அதாவது மண்மேடுகளில் ஏறிக் குதிப்பதற்கென்றே செய்த சைக்கிளைத்தான் ஓட்டுகிறேன். 4130 குரோமோலி என்ற கலப்பு இரும்பில் செய்த சட்டம், 26 அங்குலச் சக்கரம், முன்னால் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது. ஒரே கியர், பின்பக்கம் மட்டும் பிரேக். வேலைக்குப் போய்வர வாங்கிவிடாதீர்கள். சீட் அவ்வளவு தாழ்வு, நின்றே ஓட்ட வேண்டிய வண்டி.

குதிப்பதற்கு மட்டும் இதை அடிச்சுக்க ஆளில்லை. சக்கரம் சிறியது என்பதால் உறுதி அதிகம், காற்றில் வண்டியைத் திருப்புவதும் சுலபம். டயரில் 50 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடித்தே ஓட்டுகிறேன். காற்று குறைந்தால் மேடு ஏறும்போது டயர் நசுங்கி வேகத்தைத் தின்றுவிடும். செயின் தளர்ந்தால் பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்கினால் சரி.

தொல்லை தருவது தண்ணீர்தான். தீபாவளியை ஒட்டி இங்கே பெய்யும் மழையைத்தான் எல்லோருக்கும் தெரியுமே. சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் பெடல் அச்சுப் பக்கம் போய்த் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே துரு ஏறிக்கொண்டிருக்கும். மழைக்காலத்துக்கு முன்பு சீட் கம்பியை உருவி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வடியவிட்டு, காய்ந்ததும் குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிடுகிறேன். வாங்கும்போதே அடியில் வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

மண்மேட்டுக்கும் இதே பாடுதான். தெரிந்தவர் ஒருவரின் காலி நிலத்தில், அவர் அனுமதியோடு, நாங்களே மண்வெட்டி பிடித்துக் கட்டியது. கருங்கல் மலைத் தீவு இது, கல் சிதைந்து உண்டான செம்மண்ணில் களியும் மணலும் கலந்திருக்கும். களி அதிகமுள்ள மண்ணைத்தான் மேலே பூச வேண்டும், மணல் கூடினால் ஒரே மழையில் கரைந்துவிடும். வேரும் இலையும் கலந்த மேல்மண் ஆகவே ஆகாது, மக்கியதும் மேடு அமுங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஈரமாக்கி, இடித்து இறுக்க வேண்டும்.

இரண்டு மேடுகளுக்கு நடுவில்தான் தண்ணீர் குளம் கட்டும். அங்கிருந்து வெளியே ஓட ஒரு வாய்க்காலை முதல் நாளே வெட்டிவிட வேண்டும், மேடு எழுப்புவது அப்புறம். மழைக்குத் தார்ப்பாய் போட்டால் இழுத்துக் கட்டுங்கள். அதன் மடிப்பில் நிற்கும் தெளிந்த தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சல் பயம் ஒரு பக்கம், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் இன்னொரு பக்கம்.

மழை விட்டதும் பையன்கள் வந்துவிடுவார்கள். "அண்ணே, இன்னிக்குக் குதிக்கலாமா?" ஏற்றத்தின் நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்வேன். பள்ளம் விழுந்தால் அன்றைக்கு யாரும் ஏறக் கூடாது. ஈரத்தில் ஒரு டயர் போட்ட தடம் காய்ந்து கெட்டியானால், அடுத்து வருகிறவனின் முன்சக்கரத்தை அது பக்கவாட்டில் இழுக்கும்.

பொது இடத்தில் இப்படி அமைக்க யாராவது முன்வந்தால், இறங்குசரிவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏற்றத்தைவிட அது நீளமாகவும் அகலமாகவும் இருக்கட்டும். வண்டி கீழே வரும் கோணத்திலேயே சரிவும் இருந்தால் அடி தெரியாது, சமதரையில் விழுந்தால்தான் கணுக்காலும் மணிக்கட்டும் போகும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நடுவில் மண் நிரப்பிய டேபிள்டாப் மேடு கட்டாயம் வேண்டும். வேகம் போதாமல் போனாலும் பள்ளத்தில் விழ மாட்டார்கள். நடுவில் இடைவெளி விட்ட மேடுகளைத் தனி வரிசையாகத் தள்ளி வைக்கலாம்.

நிழல் தேடி மரத்தடியில் கட்டினால் மண் காய நாளாகும், வெயில் படும் இடமே நல்லது. ஆனால் தைப்பூச நேரத்து வெயிலில் ஏற்றத்தின் நுனி வெடித்து உதிரும், நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும். எங்கள் இடத்தில் அது இல்லை, வறட்சி நாட்களில் சனிக்கிழமை காலை முழுக்க வாளி தூக்குவதிலேயே போய்விடுகிறது.