யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4: நேரடி இணைப்பா, சிற்றரசா?

பேரரசைக் கட்டியெழுப்பும் இந்தக் கணினி உத்தி விளையாட்டில், வென்ற நிலத்தை நேரடியாக இணைத்தால் வரியும் வணிகமும் நம் கையில். ஆனால் ஒவ்வொரு மாகாணத்தையும் முழுதாக நமதாக்க, ஆட்சி வேலைக்குச் செலவிடும் நிர்வாகப் புள்ளி கரையும்; மிகைவிரிவு (இன்னும் முழுதாக நமதாக்காத நிலத்தின் சுமை) 100 சதவீதத்தைத் தாண்டினால் கலகம் மேல் கலகம்.

அதையே நமக்குக் கீழ்ப்பட்ட நாடான சிற்றரசிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தலைவலி அதனுடையது. கிளர்ச்சியை அதுவே அடக்கும், போருக்கும் படையோடு வரும். அது நம் சிற்றரசாகி 10 ஆண்டு கழிந்து, நம்மீதான அதன் நல்லெண்ண மதிப்பு 190-ஐ எட்டியதும் ராஜதந்திரப் புள்ளிகளைச் செலவழித்து இணைத்துக்கொள்ளலாம். ஒரு ராஜதந்திர இடத்தை (நாம் வைத்துக்கொள்ளக்கூடிய உறவுகளின் எண்ணிக்கையில் ஒன்றை) அது பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அதைவிடக் கவனிக்க வேண்டியது விடுதலை வேட்கை, அதாவது நம்மிடமிருந்து பிரிய அது விரும்பும் அளவு: 50 சதவீதத்தைத் தொட்டால் போருக்குக் கூப்பிட்டாலும் உதவாது. அதற்குமுன்பே அதன் கடனை அடைத்துத் தணியுங்கள்.

வேற்று மதம், வேற்றுப் பண்பாடு கொண்ட பகுதி என்றால் தயங்காமல் சிற்றரசுதான் என்பேன். முக்கிய வணிக மையங்களை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.